செக்ரோலில் ஏறாத கைவேலை

ரப்பர் மரத்தில் பால் இருக்கும் இடம் மிகக் குறுகியது. வெளியே சொரசொரப்பான மேல்தோல், அதற்குள் கெட்டிப் பட்டை. அதையும் கடந்து, மரக்கட்டையை நெருங்கும் மெல்லிய அடுக்கில்தான் பால்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அதற்கு அப்பால் மரம் வளர்வதற்கான உயிர்த்தோல். உளி அதைத் தொட்டால் காயம். காயம் ஆறும்போது முடிச்சு விழும். சில வருடங்கள் கழித்துப் புதுப்பட்டையில் வெட்டு திரும்பி வரும்போது அந்த முடிச்சில் உளி ஏறாது. ஆகவே உயிர்த்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் கை நிற்க வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டங்களில் நம் தமிழ் ஆட்கள் இதை விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரத்துக்கு அரை நிமிடம் என்ற கணக்கில், நாளுக்கு 400 முதல் 600 மரம் வரை செய்தார்கள்.

விடியுமுன் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. இரவில் பால்குழாய்களுக்குள் அழுத்தம் ஏறி நிற்கும். அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் பத்து மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், பால் குறையும். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குவதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் செங்குத்தாக ஓடாமல் மூன்று நான்கு பாகை வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச்சரிவாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இவையெல்லாம் அறிவியலாக எழுதப்பட்டிருக்கின்றன. வெட்டு முறைக்கே ஒரு குறியீடு உண்டு: எஸ்/2 டி/2. மரத்தின் சுற்றளவில் பாதியளவு சுருள்வெட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வருடத்தில் ஏறக்குறைய ஒரு சாண் பட்டை தீரும். உளி எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் எந்தக் குறியீடும் சொல்லாது. பட்டையின் நிறம் மாறுவது, சீவல் சுருண்டு விழும் விதம், உளிக்கு அடியில் கிடைக்கும் எதிர்ப்பு ஆகியவற்றைக் கண்டு கைதான் அறியும்.

ஒரு பொறியியல் குழுவுக்குள் அறிவு எப்படிப் பகிரப்படுகிறது என்று பேசும்போது நம் ஆட்கள் ஜப்பானையோ கலிபோர்னியாவையோதான் எடுத்துக்காட்டுவார்கள். பேராக்கில் நூறு வருடத்துக்கு மேலாக நடந்த ஒரு பெரிய பரிசோதனை அவர்கள் கண்ணில் படுவதில்லை. பால்வெட்டு எப்படிப் பொறியியலாகும் என்று கேட்கலாம். ஆராய்ச்சி நிலையம், அளவுக் குறியீடு, தனிக் கருவி, தர ஆய்வு, இருபத்தைந்து முப்பது வருடம் கெடாமல் காக்க வேண்டிய சொத்து, தினமும் எடுக்கும் அளவீடு என எல்லாமே அங்கே இருந்தன. இதைவிடக் குறைந்ததைக்கூட நாம் தயங்காமல் பொறியியல் என்கிறோம்.

கதை பேராக்கிலேயே ஒரு பகிர்வுத் தோல்வியோடு தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளில் சில பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரத்தை இன்றும் கோலகங்சாரில் பார்க்கலாம். மரங்கள் வளர்ந்தன, காய்த்தன, விதை உதிர்த்தன. ஆனாலும் வணிகத் தோட்டம் என்று சொல்லத்தக்க ஒன்றை மலாக்காவில் டான் சே யான் தொடங்கியது 1896இல்தான்.

இடையில் இருபது வருடம் போனது. காப்பி விலை நன்றாக இருந்தது, மோட்டார் வண்டி இன்னும் வரவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. விதையைக் கப்பலேற்றியவர்கள் பால் எடுத்துப் பழகிய அமேசான் காட்டு ஆட்களைக் கூட்டிவரவில்லை. வந்தது பிரேசிலின் கோடாரி வெட்டு முறை பற்றிய கேள்விஞானம் மட்டுமே. அந்த முறையில் மரம் புண்ணாகிச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, புதிய இடத்தில் கொத்துவதற்குப் பதிலாக, பழைய வெட்டின் கீழ்விளிம்பிலேயே மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டு போனால் பால் குறைவதற்குப் பதில் கூடுகிறது என்று காட்டினார். சட்டைப்பையில் விதையோடு திரிந்து, கண்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் திணித்ததால் அவருக்குக் கிறுக்கர் என்ற பட்டமும் கிடைத்தது. அறிவைப் பரப்ப வந்தவருக்கு இது புதிதல்ல. அவர் நூறு வயது வாழ்ந்து, மலாயா முழுக்கத் தன் முறையில் வெட்டுவதைக் கேள்விப்பட்டுவிட்டே 1956இல் மறைந்தார்.

அதற்குப் பிறகு துரைமார் பக்கத்தில் பகிர்வு வியக்கத்தக்க வகையில் நடந்தது. 1919இல் தோட்ட நிர்வாகிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். மறு வருடமே ‘தி பிளாண்டர்’ என்ற இதழ் வந்தது. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. டிஜிர் 1, பிபி 86 என்ற இரண்டு வகைகளை இணைத்து அங்கே உருவான ஆர்ஆர்ஐஎம் 600 பிற்காலத்தில் உலகெங்கும் நடப்பட்டது. ஆராய்ச்சிக் கழகத்தின் செய்திமடல் மானேஜர் மேசைக்கு வந்துகொண்டே இருந்தது. இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்வது ‘விசிட்டிங் ஏஜென்ட்’ என்ற ஏற்பாடு. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு, கத்ரி போன்ற ஏஜென்சி நிறுவனங்கள் பல கம்பெனிகளின் தோட்டங்களைச் சேர்த்து நிர்வகித்தன. அனுபவப்பட்ட ஒருவர் தோட்டம் தோட்டமாகச் சென்று மரத்தையும் கணக்கையும் பார்த்து அறிக்கை எழுதுவார். ஒரு தோட்டத்தில் கண்ட நல்லதும் கெட்டதும் அவரோடு அடுத்த தோட்டத்துக்குப் போகும். இப்போது பெரிய கம்பெனிகள் இதே வேலைக்குப் பகட்டான பதவிப்பெயர் வைத்து ஆள் எடுக்கின்றன.

இந்தப் பகிர்வு வலை மானேஜர் பங்களாவோடு நின்றது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் வேறொரு வலை இருந்தது. 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை ஆள் சேர்க்கும் கங்காணி ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். பெரும்பாலும் தன் ஊர், தன் உறவு. புதிதாக வந்தவருக்கு, ஒதுக்கிய மர வரிசையான நிரையில் நின்று உளி பிடிக்கக் காட்டியவர், மண்டோர் என்ற மேற்பார்வையாளராகவோ மாமனாகவோ இருப்பார். பிள்ளைகள் அம்மாவோடு காலையில் காட்டுக்குப் போய் பால் வடியும் மங்கு துடைத்தார்கள், வெட்டில் உறைந்த ஒட்டுப்பால் இழுத்தார்கள். அப்படியே வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, ஒருநாள் உளியை வாங்கினார்கள். ஆள் உருவாக்குவதில் இந்த முறை தோற்கவே இல்லை. அடுத்த தோட்டத்துக்குத் தாண்டுவதில்தான் தோற்றது. ஒரு கல்யாணமோ கருமாதியோ வந்தால் சுங்கை சிப்புட்டில் தெரிந்தது சுங்கைக்குப் போகலாம். இல்லையென்றால் நிரையோடு நின்றுவிடும்.

இரண்டு வலைகளும் தினமும் ஓரிடத்தில் சந்தித்தன, பால் நிறுக்கும் கொட்டகையில். தோள்கட்டையான காண்டாவில் தொங்கும் வாளிகளோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கணக்கெழுதும் கிராணி பாலை நிறுத்து, மெட்ரோலேக் கருவியை மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டு, செக்ரோல் என்ற பேரேட்டில் பெயருக்கு நேராக எண்ணை எழுதுவார். ஆயிரக்கணக்கான கைகள், வருடத்தில் பெரும்பாலான நாட்கள், பல பத்தாண்டுகள். கைத்திறன் பற்றி இவ்வளவு நீளமான அளவீட்டுத் தொடர் வேறு எத்தனை தொழிலில் இருந்திருக்கும்? ஆனால் செக்ரோலில் எண்ணுக்குப் பக்கத்தில் வேறு எதையும் எழுதக் கட்டமே கிடையாது. பக்கத்து நிரைக்காரிக்கு அதே வயது மரத்தில் ஏன் கூடுதலாகப் பால் வருகிறது, அவர் உளியை எந்தக் கோணத்தில் தீட்டுகிறார், எந்த மரத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறார் என்று யாரும் கேட்கவில்லை, அப்படிக் கேட்பதற்கு யாருக்கும் சம்பளமும் இல்லை. எண் மேலே போனது, அதன் காரணம் நிரையிலேயே தங்கியது.

துரைமார் தமிழ் கற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கற்றார்கள், பரீட்சையும் எழுதினார்கள். 1915இல் கொழும்பில் அவர்களுக்காக வெளிவந்த ஒரு பாடநூலின் பெயரே ‘கூலித் தமிழ்’. ஆனால் அந்தத் தமிழ் வேலை வாங்குவதற்கான தமிழ்.

எண்ணும் விவரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறொரு வரலாறு சாட்சி. அதற்கும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கோடு உறவு உண்டு. கோப்பெங், துரோனோ ஈயச் சுரங்கங்களை நடத்திய கம்பெனிகளின் வேர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலின் ரெட்ரூத் நகரத்தில். அதே பள்ளத்தாக்கின் ஈப்போ நகரத்தில் அலுவலகம் வைத்திருந்த ஆஸ்போர்ன் அண்ட் சாப்பல் பல சுரங்கங்களுக்கு ஒரே நேரத்தில் பொறியியலும் நிர்வாகமும் பார்த்தது. ஒரு சுரங்கத்தின் பாடம் அடுத்ததற்கு எட்டுவதற்கு அதுவே வழி. இந்தப் பழக்கம் அவர்கள் ஊரிலேயே இருந்ததுதான்.

கார்ன்வால் சுரங்கங்களில் தண்ணீர் இறைப்பதுதான் பெருஞ்செலவு. நிலக்கரியைக் கடல்வழி வாங்க வேண்டும். ஜேம்ஸ் வாட்டின் காப்புரிமை 1800இல் முடிந்த பிறகும் சில வருடம் என்ஜின்கள் மேம்படாமல் கிடந்தன. 1811இல் ஜோயல் லீன் என்ற சுரங்க மேலாளர் மாதந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடத் தொடங்கினார். ஒரு புஷல் நிலக்கரிக்கு ஒவ்வொரு என்ஜினும் எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரம் இறைத்தது என்ற கணக்கு அதில் இருக்கும். முதலில் மூன்றே என்ஜின்கள்தான். எண்ணுக்குப் பக்கத்தில் உருளையின் விட்டம், எந்தச் சுரங்கம், யார் பொறுப்பு என்ற விவரங்களும் இருந்தன. இந்த மாதம் எண் ஏறினால் அடுத்த மாதம் மற்றப் பொறியாளர்கள் போய்ப் பார்ப்பார்கள். சுமார் முப்பது வருடத்தில் சராசரித் திறன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. பொருளியல் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் 1983இல் ‘கூட்டுக் கண்டுபிடிப்பு’ என்று பெயரிட்ட நிகழ்வுக்கு இது ஒரு தெளிந்த உதாரணம்.

அவர்கள் போட்டியாளர்களிடம் எல்லாவற்றையும் சொன்னதற்குக் காரணம் தாராள மனம் இல்லை. முதலீட்டாளர்கள் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார்கள். ஒன்றில் கற்றது இன்னொன்றில் லாபமாக வந்தது. பொறியாளர்களோ ஒரே கம்பெனியின் ஆட்கள் அல்ல. அறிக்கையில் பெயர் உயர்ந்தால் அடுத்த வேலை தேடி வரும். சொல்பவனுக்குச் சொன்னதால் ஆதாயம் இருந்தது. தோட்டத்துப் பால்வெட்டுக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. நிரை பிரித்துக் கொடுத்தாயிற்று, அவருடைய நுணுக்கத்தைச் சொன்னால் அவர் பெயர் எங்கேயும் ஏறப்போவதில்லை.

சொல்லாமல் இருப்பதற்குத்தான் அங்கே நல்ல காரணங்கள் இருந்தன. வெட்டு ஆய்வுக்கு வருபவர் காயத்தை எண்ணுவார். காயம் கூடினால் திட்டு, சில இடங்களில் கூலிப்பிடிப்பு. இப்படிப்பட்ட இடத்தில் காயத்தை மறைக்கத்தான் யாரும் கற்றுக்கொள்வார்கள். ஒரே பகுதியில் பலருக்கும் காயம் விழுந்தால் கைகளில்தான் குற்றம் என்றில்லை. மழைக்குப் பின் பட்டை மாறியிருக்கலாம், கன்று வகை மாறியிருக்கலாம், வந்த உளிகளே சரியில்லாமல் இருக்கலாம். அந்தச் செய்தி தண்டனைப் பயத்தில் புதைந்து போகும். விமானத் துறை இதை வேறு விதமாகக் கையாண்டது. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய விமானப் பாதுகாப்பு அறிவிப்பு முறையில் விமானி தன் தவறைப் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பினால், அது வேண்டுமென்றே செய்ததாகவோ குற்றமாகவோ இல்லாதவரை, அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. அறிக்கை தண்டிக்கும் அலுவலகத்துக்குப் போகாது, நாசா வாங்கிக்கொள்ளும். பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்வார்கள். மென்பொருள் கம்பெனிகள் கோளாறுக்குப் பின் ‘யார்’ என்று கேட்காமல் ‘எப்படி’ என்று கேட்கும் கூட்டங்கள் நடத்துவதும் இந்த வழியில்தான்.

எழுத்தின் எல்லை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 1970களில் ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் ஒரு புதுவகை லேசரைக் கட்ட முயன்ற பிரிட்டிஷ் ஆய்வகங்களைப் பின்தொடர்ந்தார். வரைபடம் அச்சாகியிருந்தது, கட்டுரைகள் கிடைத்தன. ஆனால் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆய்வகமும் அதை இயக்கவில்லை. ஏற்கெனவே இயக்கியவரோடு நேரிலோ தொலைபேசியிலோ தொடர்பு இருந்தவர்களுக்குத்தான் அமைந்தது, அவர்களிலும் எல்லோருக்கும் அமையவில்லை. படித்த இயற்பியலாளர்கள் கதையே இதுவென்றால், கோலகங்சார் மரங்கள் இருபது வருடம் காத்திருந்ததில் வியப்பில்லை.

ஆகவே எழுதுவது வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். யார் எழுதுகிறார், யார் திருத்துகிறார் என்பதில் விஷயம் இருக்கிறது. ஜெராக்ஸ் கம்பெனியின் நகல் இயந்திரப் பழுதாளர்களை ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்து 1996இல் நூலாக்கினார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் கதை பேசியே தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் வீணாகிறது என்று அந்தப் பேச்சை வெட்டியிருக்கலாம். ஜெராக்ஸ் அதற்கு மாறாக ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டைக் கட்டியது. பழுதாளர் தான் கண்ட தந்திரத்தை எழுதுவார், சக பழுதாளர்கள் அதைச் சோதித்து ஏற்பார்கள், எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும். எழுதுபவருக்குக் கிடைத்த பெரிய வெகுமதி, தன் வேலை தெரிந்தவர்கள் நடுவே தன் பெயர்தான்.

இனி இன்றைய ஈப்போ. 1972இல் தொடங்கிய கார்செம், பிறகு வந்த யுனிசெம் என்று சில்லுப் பொதியல் ஆலைகள் இங்கே ஊன்றிவிட்டன. 1969இல் திறந்த உங்கு ஒமார் பாலிடெக்னிக் நாட்டின் முதல் பாலிடெக்னிக். ரப்பர் போய் செம்பனை வந்து, லயங்கள் காலியானபோது, தோட்டத்துப் பிள்ளைகளில் கணிசமானவர்கள் இப்படிப்பட்ட ஆலைகளுக்கு வந்தார்கள். உளி இல்லாவிட்டாலும் நுண்மை அதேதான். சில்லின் முனைகளை வெளிக்கால்களோடு இணைக்கும் கம்பி மனித முடியைவிட மெல்லியது. தங்க விலை ஏறியதும் தொழில் உலகம் பெருமளவு செம்புக் கம்பிக்கு மாறியது. செம்பு தங்கத்தைவிடக் கடினம், எளிதில் ஆக்சைடாகும். நைட்ரஜனோடு கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்த வாயுவுக்குள்தான் அதன் நுனியை உருக்கிக் குமிழாக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஒட்டாது, கூடினால் அடியிலுள்ள சிலிக்கான் விரிசல் விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சிறியது. அதற்குள் இயந்திரத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் இருவர்தான்.

அந்த அறிவு கைமாறும் இடம் ஷிஃப்ட் மாறும் நேரம். எந்த ஆலையானாலும் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் இப்படித்தான்: இயந்திர எண், அலாரம், ரீசெட், ஓகே. செக்ரோலின் பேரப்பிள்ளை. மூன்று முறை அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்ததும், கடைசியில் வாயுக் குழாயின் இணைப்பில் கசிவு என்று கண்டதும், அதைக் கண்டுபிடிக்கக் காரணம் குமிழின் நிறம் மங்கியதுதான் என்பதும் கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் தமிழும் மலாயும் கலந்து வாய்மொழியாகச் சொல்லப்படும். பதிவேடோ ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதத்தான் நேரமும் தெம்பும் இருக்கும். எந்த மொழியில் பேசினார்களோ அந்த மொழியிலேயே ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம் என்று சொன்னால் போதும், அரைப் பக்கம் விஷயம் கிடைக்கும் என்பது என் எண்ணம். கூடவே இரண்டு ஷிஃப்டுகளும் சேர்ந்து நிற்கும் கால் மணி நேரத்துக்குச் சம்பளமும் வேண்டும். செலவு குறைக்கும்போது முதலில் கை வைப்பது அந்தக் கால் மணியில்தான், ஏனென்றால் அந்த நேரத்தில் எந்த இயந்திரத்தின் எண்ணும் ஏறுவதில்லை.

2013 ஜூலை முதல் மலேசியத் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருபது வயதில் ஆலைக்கு வந்தவர்கள் இப்போது அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி மாதத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள் என்றால், படிவம்தான் நிரம்பும். அவருக்குத் தெரிந்ததில் பாதி, இயந்திரம் ஒரு குறிப்பிட்ட விதமாக மக்கர் செய்யும்போதுதான் அவருக்கே நினைவுக்கு வரும். ஆகவே இளையவர் ஒருவரை இரண்டு வருடம் முன்பே அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இளையவர்தான் எழுத வேண்டும், மூத்தவர் திருத்த வேண்டும், இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

தோட்டத் தொழிலில் ஆள் தட்டுப்பாடு வந்தபோது ஆராய்ச்சிக் கழகம் வேறு வழியில் போனது. 1990களில் வந்த ‘ரிம்ஃப்ளோ’ முறையில் பட்டையில் ஒரு சிறு உறையைப் பொருத்தி எத்திலீன் வாயுவைச் செலுத்துவார்கள். வெட்டு மிகச் சிறியதாக இருந்தால் போதும், சில நாளுக்கு ஒரு முறை வெட்டினாலே பால் நீண்ட நேரம் ஓடும். தேர்ந்த கை தேவைப்படாதபடி வேலையையே மாற்றிக்கொண்ட நல்ல பொறியியல் அது. ஆனால் வாயுவுக்கும் உறைக்கும் செலவு உண்டு. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களில் பெரும்பாலோர் இன்றும் உளியோடுதான் போகிறார்கள். வெட்டத் தெரிந்த ஆள் கிடைக்காத இடங்களில் மரம் வெட்டப்படாமல் நிற்கிறது.